அடிக்குக் கால் அங்குலம்

வீட்டின் ஒரு மூலையில் நான் நிற்கிறேன். எதிர் மூலையில் என் மனைவியின் தம்பி நிற்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவே விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிநிறக் குழாய் தரையில் வளைந்து கிடக்கிறது. அதற்குள் தண்ணீர். இரண்டு முனைகளிலும் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் ஒரே மட்டம். அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் முனையைக் காதளவு உயரத்தில் அசையாமல் பிடிக்க எனக்கு வரவில்லை. என் பக்கத்துத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

“மச்சான், ஆட்டாமப் புடிங்க. கிளாஸ்ல புள்ளைங்கள ஆடாம ஒக்காருங்கடான்னு வெரட்டுறீங்கல்ல!”

பிளேன்டீ கொண்டு வந்த என் மனைவி கோப்பைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்று சிரித்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. மேலே சொன்னது நடந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அப்போது கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அம்பிட்டிய வீதியில் மலையை வெட்டிக் கட்டிய ஒரு பழைய வீடு எங்களுடையது. முன்பக்கம் வீதி, பின்பக்கம் மண் மேடு. குளியலறை வீட்டுக்குள் இல்லை. பின்கதவைத் திறந்து நாலு படி இறங்கினால் ஒரு தகரக் கூரை, அதன் அருகில் ஒரு தண்ணீர்க் குழாய். இருபது வருடங்களாக அது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. மகளுக்கு மாத்தளையில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்ததும் எனக்கு அது பெரிய குறையாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் இலையிலிருந்து எழுந்து பின்கதவால் போய், நாலு படி இறங்கி, வாழை மரத்தடியிலா கை கழுவுவார்கள்?

அதனால் கூடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையைக் குளியலறையாக மாற்றத் தீர்மானித்தேன். வாசலிலேயே தெரியும்படி ஒரு வெள்ளைப் பேசின், அதற்கு மேல் கண்ணாடி. கூடத்திலிருந்து குளியலறை வரை ஒரே நிற டைல், ஒரே மட்டத்தில். இதையெல்லாம் சதுரக்கோட்டுத் தாளில் நானே வரைந்தேன். குழாய் வேலையை மைத்துனரிடம் கொடுத்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தன்னைவிட எட்டு வயது மூத்த அக்காவின் கையில் வளர்ந்தார். அந்த அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். தொழிலாளர்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வார்கள். நான் முதல் நியமனம் பெற்று அந்தத் தோட்டப் பாடசாலைக்குப் போனபோது இருவரையும் அறிந்தேன். அக்காவைக் கட்டிக்கொண்டேன். என் தகப்பனாருக்கு நாவலப்பிட்டியில் கடை இருந்தது. லயத்துப் பெண்ணா, தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவளா என்று வீட்டில் பெரிய சண்டை. நான் பிடிவாதமாக நின்று கட்டினேன். அதை நான் செய்த பெருந்தன்மையாகவே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் உள்ளுக்குள் அந்த நினைப்பு இருந்தது. இருந்ததால்தான் பின்னால் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

மைத்துனர் படிப்பை நடுவில் விட்டு டவுனுக்கு வந்து, ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்து, ஹோட்டல்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் குழாய் போட்டுப் பழகினார். கைத்தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்று கூப்பிடுவது நம் நாட்டு வழக்கம். அவரை எல்லோரும் பைப் பாஸ் என்றார்கள். ஒரு குழாயைக் கையில் எடுத்தால் முதலில் அதன் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார். பசை பூசும் முன் இரண்டு முனைகளையும் தன் சட்டை நுனியால் துடைப்பார். அவர் சட்டைகள் எல்லாவற்றிலும் வலது பக்க நுனி விறைத்து மஞ்சளாக இருக்கும். “இந்தச் சட்டையத் தொவச்சே என் கை போச்சு” என்று அவர் மனைவி சொல்லுவாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

தரை தோண்டியாயிற்று. பேசின் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் தரைக்குக் கீழே ஒரே குழாயில் சேர்ந்து, வீட்டின் இடது பக்கத்தில் இருந்த கழிவுநீர்க் குழிக்குப் போக வேண்டும். அந்தக் குழியிலிருந்து மாநகரசபைச் சாக்கடைக் கானுக்கு இணைப்பு இருந்தது. அதனால் குழியின் ஆழத்தை நாங்கள் மாற்ற முடியாது. முந்தைய நாள் அந்தக் கண்ணாடிநிறக் குழாயை வைத்து மட்டம் பார்த்ததில், குளியலறைக்கும் குழிக்கும் இடையே நாலு அங்குல இறக்கம்தான் கிடைத்தது.

மைத்துனர் சுவரில் சாய்ந்து குந்தியிருந்து எனக்கு விளக்கினார். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். குளியலறையிலிருந்து நேராகப் போனால் குழி பதினாலடிதான். மூன்றரை அங்குல இறக்கம் போதும். நாலு இருக்கிறது. கச்சிதம். ஆனால் நேராகப் போகும் வழியில் சாமி அறை இருந்தது. அதன் தரையை ஓரமாக வெட்டி, கீழே குழாயைப் போட்டு, மூடிவிட வேண்டும்.

“எச்சித் தண்ணி சாமிக்குக் கீழயா?” என்று கேட்டேன்.

“ரெண்டடி ஆழத்துல போகுது மச்சான். சாமி மேல இருக்காரு.”

“இந்த வீட்ல அது நடக்காது.”

“அப்ப இப்பிடிச் செய்வம். குசினிக்குப் பின்னால சுத்திக் கொண்டு போவம். ஆனா முப்பத்திரண்டு அடி வருது. எட்டு அங்குலம் எறக்கம் வேணும். நம்மகிட்ட நாலுதான் இருக்கு. பாத்ரூம் தரைய நாலு அங்குலம் ஒசத்திருவம். வாசல்ல ஒரு படி வரும். அவ்வளவுதான்.”

படியா? ஒரே மட்டத்தில் ஒரே நிற டைல் என்று நான் வரைந்த படத்தில் படி இல்லை. முடியாது என்றேன். உயர்த்தாமலே சுற்றிக் கொண்டு போ என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அப்ப வாட்டம் பாதியாப் போயிரும். நாலு எடத்துல வளைவு வேற. சோத்துப் பருக்க, எண்ண, எல்லாம் நடுவுல படுத்துக்கும் மச்சான். நாம சொன்னாத் தண்ணி கேக்காது. எறக்கம் இருந்தாத்தான் போகும்.”

“நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தாறியா?”

இதைச் சொன்னவன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரிவும் விகிதமும் படிப்பிக்கிறவன். அவர் சொன்ன கணக்கு சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். சாமிக்காக மறுத்தேன் என்று இத்தனை வருடங்கள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் முழு உண்மையாக இருக்கவில்லை. நான் அப்படியொன்றும் பக்திமான் கிடையாது. விளக்கேற்றுவது மனைவிதான். யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் ஒரு பங்கு. என் படத்தைக் குந்தியிருந்தபடியே ஒருவர் திருத்துகிறார் என்ற எரிச்சல் மறு பங்கு. இரண்டாவதுதான் பெரிது.

 அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “சரி மச்சான். ஒங்க வீடு” என்றார். நான் சொன்ன வழியிலேயே போட்டார். அன்று மனைவி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்க வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைத்தேன்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. மாத்தளையிலிருந்து வேன் நிறைய இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் மைத்துனர் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவதில்லை. பெண் அழைத்து வரப்படும்போது அவர் முன்னால் நடக்க வேண்டும். தட்டை முதலில் அவர் கைதான் தொட வேண்டும். தகப்பன்கூட அதற்குப் பிறகுதான். வரிசைத் தட்டுகளைக் கூடத்தில் பாயின் மேல் பரப்பியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

முதல் பந்தி எழுந்தது. ஒவ்வொருவராகப் பேசினில் கை கழுவி, வாய் கொப்பளித்து, கண்ணாடியில் முகம் பார்த்து, “வீட்ட நல்லா வச்சிருக்கீங்க சார்” என்று சொல்லிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்துப் பேர் அளவில் போயிருப்பார்கள். பேசினில் தண்ணீர் இறங்காமல் நின்றது. பிறகு தரையில் இருந்த வடிகால் துளையிலிருந்து ரசமும் மோரும் கலந்த ஒரு நிறத்தில் தண்ணீர் மேலே வந்தது. கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் மிதந்து வந்தன. வாசலில் படி இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். நான்தான் படி வேண்டாம் என்றேனே. தண்ணீர் தடையில்லாமல் புது டைல் வழியாகக் கூடத்துக்கு வந்து, பாயின் ஓரத்தை நனைத்தது. பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை, பருத்த ஒரு அம்மாள், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என்னா சம்மந்தி, பொண்ணோட சேத்து மாவலி கங்கையையும் சீரா அனுப்புறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அது வெறும் வேடிக்கைச் சிரிப்பு. நானும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“என்னைய என்னா செய்யச் சொல்றீங்க? மச்சினன் பாத்த வேல. லயத்துக் கானுல பழகுன கை. அவ்வளவுதான் வரும்.”

மறுபடியும் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. மைத்துனர் அப்போது தேங்காய் பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாயின் அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மச்சான்தான் அப்படிப் போடச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன். அவர் சொல்லவில்லை. தட்டைப் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். புதுச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அந்த அழுக்குத் தண்ணீரில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, வடிகால் துளைக்குள் கையை விட்டார்.

குசினி வாசலில் மோர்ச் செம்போடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளை நான் நேராகப் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. தரையைத் துடைத்துத் தட்டு மாற்றினோம். மைத்துனர் கழுவிக்கொண்டு வந்து, ஈரச் சட்டையோடு தட்டை முதலில் தொட்டுக் கொடுத்தார். முறை தவறவில்லை.  சாப்பிடாமல் போய்விட்டார் என்பது மாலையில்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமன் சீரை அவர் மனைவி கொண்டு வந்தாள். காய்ச்சல் என்றாள். மணவறையில் இருந்த மகள் என் காதருகில், “மாமா எங்கப்பா?” என்று கேட்டாள். “காய்ச்சலாம்” என்றேன். மாலை போட்டிருந்த அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடங்கள் என் மனைவி உயிரோடிருந்தாள். அந்தப் பதின்மூன்று வருடங்களிலும் அவள் தம்பி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் என்னோடு சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமைத்தாள், விளக்கேற்றினாள், என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். ஆனால் அந்தப் பேசினில் ஒரு நாளும் கை நனைக்கவில்லை. விடிந்ததும் பின்கதவைத் திறந்து, நாலு படி இறங்கி, பழைய குழாயில்தான் முகம் கழுவுவாள். கண்டியில் மார்கழி மாதத்துத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு முறை, “உள்ளுக்கு ஹீட்டர் இருக்குத்தானே?” என்றேன். “பழகிருச்சிங்க” என்றாள்.

டவுன் வேலையை விட்டு ஊருக்கே திரும்பிவிட்ட தம்பியைப் பார்க்க, வருடத்தில் மூன்று நாலு தடவை மடுல்கெல்லவுக்குத் தனியாகப் போய்வருவாள். மணிக்கூண்டுக்கு அருகில் பஸ் ஏற்றிவிடுவேன். வத்தேகம, பன்வில என்று அந்தப் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும். மாலையில் திரும்பி வரும்போது ஒரு பையில் தோட்டத்துக் கீரையும் சௌசௌவும் இருக்கும். “எப்பிடி இருக்கான்?” என்று கேட்பேன். “இருக்கான்” என்பாள். பையைக் குசினியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எதற்காகவோ என் எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். நான் பத்திரிகையைத் திருப்புவேன். பிறகு எழுந்து போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தது. களைப்பாறுகிறாள் என்று எண்ணினேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கும் சில நாட்கள் தோன்றியதுண்டு. அவளுக்கு உண்மை தெரியாது, தன் தம்பி வேலையைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்து வெட்கத்தில் மௌனமாக இருக்கிறாள் என்றே நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. சொன்னால் அவள் கண்ணில் நான் என்ன ஆவேன் என்ற பயம் வாயை அடைத்தது. பாடசாலையில் தவறான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகள் முன்னால் அழித்துத் திருத்தியிருக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. வீட்டில் மட்டும் முடியவில்லை.

அவள் இறந்தபோது மைத்துனர் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். மஞ்சள் கரை போட்ட சேலை. அதை அவள் மேல் போர்த்தி, காலைத் தொட்டு, ஒரு மூலையில் நின்றார். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். காடு வரை வந்து, அங்கிருந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். மகள் அதற்கு முன்பே குடும்பத்தோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். காரியங்கள் முடிந்து அவளும் விமானம் ஏறிய பின் வீட்டில் நான் ஒருவன்.

தனியாக இருப்பவனுக்கு வீட்டின் ஓசைகள் எல்லாம் தெரிந்துவிடுகின்றன. கூரைத் தகரம் வெயிலில் எப்போது சடசடக்கும், வீதியில் எந்த பஸ் எந்த வளைவில் கியர் மாற்றும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட அந்தப் பேசின். நான் பல் விளக்கிய தண்ணீர் நுரையோடு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடைசியில் தொண்டையில் ஏதோ சிக்கியவன்போல ஒரு சத்தம். நான் கண்ணாடிக்கு முன்னால் துவாயோடு நின்று, அது முடியும்வரை காத்திருப்பேன். பேச ஆளில்லாத வீட்டில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். வருடங்கள் போகப்போக அதுவும் மோசமானது. ஒரு கோப்பையை வைத்துத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றும் நிலைக்கு வந்தேன். பழைய குழாய்க்கு இறங்கிப் போகலாம் என்றால் அந்த நாலு படிகள் என் முழங்காலுக்கு ஆகாது.

போன தை மாதம் இதைக் கேட்டு மகள் தொலைபேசியில் கத்தியதற்குப் பிறகு ஒரு பாஸைக் கூப்பிட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர், உடைந்த தமிழில் கலகலவென்று பேசுவார். குசினிக்குப் பின்னால் இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்தார். குழாயைத் தட்டினார். பொருத்துகளைத் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்தயா, இது போட்ட பாஸ் நல்ல பாஸ். ஒரு ஜொயின்ட் லீக் இல்ல. இவ்வளவு வருசம். ஆனா இந்தப் பக்கம் போடச் சொன்ன ஆளுக்கு மூள இல்ல.”

“ஆமா” என்றேன்.

“யாரு அந்த ஆளு?”

நான் குனிந்து உடைத்த இடத்தைப் பார்த்தேன். அவர் சாமி அறையைக் காட்டி, நேராக இப்படிப் போகலாமே என்றார். நேராகவே போடுங்கள் என்றேன். படங்களையும் விளக்கையும் நானே எடுத்துக் கூடத்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். காலையில் தொடங்கி மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஒரு வாளி தண்ணீரைப் பேசினில் கவிழ்த்தார். ஒரு மூச்சில் போய்விட்டது, சத்தமே இல்லாமல். மறுநாள் சீமெந்து காய்ந்ததும் படங்களைப் பழைய இடத்தில் வைத்து விளக்கேற்றினேன். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பகல் வேலை. அதற்காக அக்காவிடமும் தம்பியிடமும் நான் பறித்த வருடங்களை நினைத்து அந்த அறை வாசலில் உட்கார்ந்தேன். 

அடுத்த வாரம் மடுல்கெல்லவுக்கு பஸ் ஏறினேன். மைத்துனர் தோட்டத்துக்கு மேலே, ரோட்டோரமாக ஒரு சிறிய வீடு கட்டி மகனோடு இருக்கிறார். அவர் மனைவியும் இறந்துவிட்டாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, இடுப்புச் சாரத்தைச் சரி செய்துகொண்டார். “வாங்க மச்சான்” என்றார். நேற்றுப் போய் இன்று வந்தவனைக் கூப்பிடுவதுபோல இருந்தது அது. கதிரையைத் துடைத்துப் போட்டார். மருமகள் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். எதிரே பனி ஏறிக்கொண்டிருந்தது. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன்.

“பைப்ப மாத்திட்டேன்” என்றேன். “சாமி ரூம் வழியாப் போட்டாச்சு.”

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “எத்தன அடி வந்துச்சு?”

“பதினாலேகால்.”

“அட, கா அடி பெசகிட்டனே!” என்றார். கொஞ்ச நேரம் தனக்குள் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அன்று தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் சொன்ன இரண்டு வழியையும் நான்தான் மறுத்தேன், தெரிந்துகொண்டே பழியை அவர் மேல் போட்டேன், லயம் என்று சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். 

“அது எனக்குத் தெரியாததா மச்சான்? நாந்தானே பைப் போட்டேன்.”

“ஒனக்குத் தெரியும். ஒங்கக்காவுக்குத் தெரியாமலே போயிருச்சு. தம்பிதான் வேலையக் கெடுத்தான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம்ப முடியாதவர்போல இருந்தது அந்தப் பார்வை.

“அக்காவுக்கா? அக்கா அன்னைக்குக் குசினியிலதானே நின்னாங்க மச்சான். பஸ் வரலன்னு கோயிலுக்குப் போகாமத் திரும்பிட்டாங்க. பின்கதவால வந்து, நாம பேசுறது அம்புட்டையும் கேட்டுக்கிட்டு நின்னாங்க. பொறகு நான் பின்னால தோண்டிக்கிட்டிருந்தப்ப தேத்தண்ணி குடுக்க வந்தவங்க கண்ணக் காட்டுனாங்க, விட்டுருடான்னு.”

கீழே வைத்த கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தேன். அவர் தொடர்ந்தார்.

“விசேசத்து அன்னைக்கு நாஞ் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அக்கா மொகத்தப் பாத்தேன். அவங்க வேணாம்னு தலைய ஆட்டுனாங்க. பொறகு இங்க வந்தப்ப சொன்னாங்க: ‘நீ சொல்லாத. நானும் கேக்க மாட்டேன். அவரு மோசமான ஆளு இல்லடா. அவராவே என்கிட்டச் சொல்லுவாரு. சொல்ற அன்னைக்கே நான் பஸ் ஏறி வந்து ஒன்னையக் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்.’ அதனாலதான் நான் வரல மச்சான். கோவத்துல வரலன்னு நெனச்சீங்களா? கோவம் ஒரு மாசத்துல போயிருச்சு. அக்கா வந்து கூப்புடுவாங்கன்னு இருந்தேன்.”

அவர் எதிரே ஏறும் பனியைப் பார்த்துக்கொண்டு மேலும் சொன்னார்: “ஒவ்வொரு தடவ வாறப்பவும் கேப்பேன், மச்சான் சொன்னாரான்னு. ‘இன்னும் இல்லடா, இன்னைக்குப் போனோன்ன சொன்னாலும் சொல்லுவாரு’ன்னு சிரிப்பாங்க. அப்பறம் அப்பறம் நான் கேக்குறத விட்டுட்டேன். அவங்க பாவமில்லையா?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அங்கேயே சாப்பிட்டேன். தன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து எனக்கு வைத்தார். புதுக் குழாயைப் பார்க்க வீட்டுக்கு வரச் சொன்னேன். மகன் லீவு எடுக்கும் நாளில் வருவதாகச் சொன்னார். வருவார். மன்னிப்பு என்று ஒன்று உண்டென்றால் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்துவிட்டது. அதைக் கொடுக்க அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வேறொரு பகல் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வார்டில், நோயாளிகளைப் பார்க்கும் நேரம். அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு. பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“ஏங்க, என்கிட்ட ஏதாச்சும் சொல்ல இருக்கா?”

அவள் குரலில் அவசரம் எதுவும் இருக்கவில்லை. மருந்தைப் பற்றியோ டாக்டர் சொன்னதைப் பற்றியோ கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“ஒன்னுமில்லையே” என்றேன். “கஞ்சியக் குடி, ஆறுது.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கோப்பையை வாங்கி, நான் சொன்னபடியே முழுவதையும் குடித்தாள்.